எண்ணெயில் விழுந்த முகம்

மறுபடியும் அந்தச் சத்தம். சொத்தென்று ஒன்று, அதன் பின்னாலேயே சிமெண்டில் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு சர்ர். பிறகு ஒன்றுமில்லை. இந்த அறையின் கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் எங்கோ. நாய் என்றால் நகம் கேட்கும். பூனை என்றால் கேட்கவே கேட்காது. எழுந்து போய்ப் பார்க்கலாம், ஆனால் எழுந்தால் கட்டில் கிரீச்சிடும், கட்டில் கிரீச்சிட்டால் பக்கத்தில் கிடக்கிற என் பிள்ளை விழிப்பான், இவன் விழித்தால் ஹால் கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுத்திருக்கிற அம்மா விழிப்பாள். மணி ஒன்று ஐம்பது. பால் கொடுத்த நேரத்தைக் குறிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் தந்த நோட்டில் எழுதுகிறேன்: 1.50, இடது பக்கம், பத்து நிமிஷம், குடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். கட்டத்துக்குள் எழுத வேண்டியது அவ்வளவுதான். இருபது ராத்திரியாகக் கட்டத்துக்கு வெளியேயும் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓரத்தில், தலைப்பில், அட்டையின் உள்பக்கத்தில். எழுதாவிட்டால் தூங்கிவிடுவேன், தூங்கினால் இவன்மேல் புரண்டுவிடுவேன் என்று ஒரு பயம். அது சின்னப் பயம். பெரியது காலை ஆறு மணிக்குக் காரில் வருகிறது. ஓசூரிலிருந்து இவன் அப்பாவும் மாமியாரும் கிளம்பிவிட்டார்கள் என்று பத்தரைக்கே போன் வந்தது. இவனைத் தூக்கிக்கொண்டு அந்தக் காரில் ஏறினால், இவன் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்கக் கூடாது. நான் வரலாம், போகலாம். இவன் வரக் கூடாது. வந்தால் என் தம்பி செத்துப்போவான். அம்மாவின் தீர்ப்பு அது. சொல்லும்போது அழவில்லை, அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

எல்லாம் என் வாயால் வந்தது. அதை நினைத்தால்தான் தையல் போட்ட இடம் இழுக்கிறது. பிரசவ அறையிலிருந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, நர்ஸ் சிரித்துக்கொண்டு, ராஜா மால போட்டுக்கிட்டே வந்திருக்காரு பாத்தியளா, என்று என் காதில் மட்டும்தான் சொன்னாள். அம்மாவுக்குக் கேட்டிருக்காது. வராந்தாவில் அம்மா பிள்ளையின் விரல்களை எண்ணினாள், காதைத் தொட்டாள், பிறகு என் பக்கம் குனிந்து, கழுத்துல கொடி கிடி சுத்தியிருந்துச்சாட்டி, என்று கேட்டாள். ஆமாம்மா, ரெண்டு சுத்து, என்றேன். ஏதோ பள்ளிக்கூடத்தில் ரெண்டு மெடல் வாங்கின மாதிரிச் சொன்னேன். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாமன் பிள்ளையை நேருக்கு நேர் பார்ப்பதற்கு முன்னால் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் விழுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், வருகிற கேட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு தூக்கலாம், கொஞ்சலாம். தெருவில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்து, பிறகு அதே சிஸ்டர்களின் காலேஜில் மூன்று வருஷம். பொய் சொல்லாதே என்று அடித்துச் சொல்லித்தரவில்லை, சொன்னால் மூஞ்சி வாடிப்போகிற மாதிரி வளர்த்துவிட்டார்கள். இல்லம்மா. ஒரு சொல். சொல்லியிருந்தால் இப்போது என் தம்பி இந்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான், நான் ஹாலில் படுத்திருப்பேன்.

இது அவன் அறை. சுவரில் அவன் ஒட்டின கிரிக்கெட் அட்டவணை, அதன்மேல் அம்மா சொருகின வேப்பிலை, என் தலையணைக்கடியில் பாக்குவெட்டி. பெயர் குற்றாலநாதன், வீட்டில் குத்தாலம். கடை கடையாக மாத்திரை டப்பா கொண்டுபோய்ப் போடுகிற வேலை. இவன் பிறந்த அன்றைக்கே அம்மா அவனுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் வராத, வீட்டுக்கும் வராத, நான் சொல்லுத வரைக்கும் எங்கயாது இரு, என்றாள். இரண்டு சட்டையோடு பைபாஸுக்கு அந்தப் பக்கம் கூட்டாளி ஒருத்தன் அறைக்குப் போனான். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் பேசுவான். யக்கா, மருமவன் என்ன பண்ணுதாரு? தூங்குதாம்ல. பொறந்த அன்னைக்கே மாமன வீட்ட விட்டு வெரட்டிட்டாம்லா, பெரிய ஆளா வருவான் பாரு. மூக்கு யார மாரிக்கா? ஒன்ன மாரித்தான். அப்பம் பாவம். ஒத்த போட்டோ அனுப்பேன், ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்கேன். போனில் நூற்று நாற்பது படம் இருக்கிறது. கொட்டாவி விடுகிற படம், கை நீட்டுகிற படம். ஒன்றைக்கூட அனுப்பவில்லை. அம்மா ஜோசியரிடம் கேட்டாளாம், போனில் பார்த்தால் எண்ணெயில் பார்த்த மாதிரி ஆகுமா என்று. எண்ணெ வேற கண்ணாடி வேற தாயி, என்றாராம். தம்பிக்கு இப்போது நேரம் சரியில்லை, இருபத்தேழாம் நாள் கழியட்டும், அப்புறம் எண்ணெயில் பார்க்கலாம் என்று நாளும் குறித்துக் கொடுத்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படத்தை அனுப்பாமல் இருந்தேன். அதுதான் என்னிடம் எனக்கே பிடிக்காத இடம். அம்மா நம்புகிறாள், அதன்படி செய்கிறாள். நான் நம்பவில்லை என்கிறேன், அதன்படியே செய்கிறேன்.

பதினெட்டாம் நாள் விழுந்தான். ராத்திரிக் கடைகளை முடித்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது, பைபாஸில் மூன்று ரோடு சேர்கிற திருப்பத்தில், லாரி லைட்டில் கண் கூசி, வண்டியோடு சறுக்கியிருக்கிறான். எலும்பு முறியவில்லை, இடது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது என்று கூட்டாளி சொன்னான். போனைக் கீழே வைத்துவிட்டு அம்மா என்னிடம் வந்தாள். பிள்ளையப் பாக்கதுக்கு முன்னயே இந்தப் பாடு. பாத்தாம்னா? இன்னும் என்ன அத்தாட்சிட்டி வேணும் ஒனக்கு? எனக்கு ஒரே ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அவன் இந்த வீட்டில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் அவனுக்கு வேலையே இல்லையே, நீ விரட்டினதால்தானே அந்த வழி போனான் என்று. வரவில்லை. இருபத்தேழாம் நாள் ரத்தானது. எண்ணெயும் போதாதாம். பிள்ளை ஓசூருக்குப் போகட்டும், காது குத்துக்கு இவனை மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டாம், வேற யார் மடியிலாவது குத்திக்கிடுங்க, என்றாள் அம்மா. இவன் அப்பாவிடம் அழுதேன். உங்க அம்மா சொல்றபடி கேளு பிரமு, எதுக்கு வம்பு, அவங்களுக்கு இருக்கது ஒரு மகன், என்றார். பிரமநாயகி என்ற பெயரை அவர் பிரமு என்று சுருக்கும்போது நான் சொல்ல வந்ததும் சுருங்கிப்போகிறது.

2.15. மறுபடி கேட்டது. சொத், சர்ர். இப்போது கதவுக்குக் கிட்டே. கொல்லைக் கதவுக்கு உள்ளே கொக்கி போட்டிருக்கிறது, பார்த்தேன். ஹால் கதவில்தான் ஒன்றும் கிடையாது. தாழ்ப்பாள் உண்டு, போடக் கூடாது. பச்ச ஒடம்புக்காரி உள்ள மயங்கிக் கெடந்தா யாரு கதவ ஒடைக்கது, என்று முதல் நாளே உத்தரவு. அந்தக் கதவை அம்மா எந்த நேரமும் தள்ளிக்கொண்டு வரலாம், வந்து பிள்ளையின் மூச்சைத் தொட்டுப் பார்ப்பாள், என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், போவாள். அந்தக் கையில் பூண்டு வாசம் இருக்கும். இவன் குதிகாலில் இன்னும் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. ரத்தம் எடுக்க ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டின இடம். அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்த அன்றைக்குத்தான் சிஸ்டர் பெனிட்டாவின் வகுப்பு ஞாபகம் வந்தது, வந்தது போகவே இல்லை. கடைசி வருஷம் பழைய கிரேக்க நாடகங்கள் அவர்தான் எடுத்தார். ஒரு ராஜாவுக்கு அசரீரி சொல்கிறது, உனக்குப் பிறக்கிற பிள்ளை உன்னைக் கொல்வான் என்று. பிறந்த மூன்றாம் நாள் கணுக்காலைத் துளைத்துக் கட்டி, மலையில் போட்டுவிட்டு வரச் சொல்லி ஒரு இடையனிடம் கொடுக்கிறார்கள். இடையன் இரக்கப்படுகிறான். பிள்ளை வேறு ஊரில், வேறு அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்தவனுக்கும் அதே அசரீரி. வளர்த்தவர்களைப் பெற்றவர்கள் என்று நம்பி, அவர்களைக் காப்பாற்றுவதற்காக ஓடுகிறான். ஓடுகிற வழியில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு யார் ஒதுங்குவது என்று தகராறு, அடித்துவிடுகிறான். அந்தப் பெரியவர்தான் அப்பா. சிஸ்டர் கரும்பலகையில் ரோடு வரைந்தார். ராஜா தப்பிக்கப் போன ரோடு, மகன் தப்பிக்கப் போன ரோடு, மூன்றாவது ஒன்று. எல்லாம் ஒரு இடத்தில் முட்டின. இந்தக் கதையில் யாருமே அதை நோக்கி நடக்கவில்லை பெண்களே, எல்லாரும் அதை விட்டு ஓடினார்கள், ஓடின வழிதான் இது, என்று சாக்பீஸைத் தட்டினார்.

தப்புக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த சொல் வில்லாளியின் சொல்லாம். குறி தவறியது என்று அர்த்தமாம். நாம் பாவம் என்கிறோம், அவர்கள் குறி தப்பியது என்றார்கள், விட்ட கை உன்னுடையது, ஆனால் காற்றும் இருந்தது, என்றார் சிஸ்டர், கழுத்துச் சிலுவையை உருட்டிக்கொண்டே. அப்படியானால் அவன் குற்றவாளியா இல்லையா என்று முதல் பெஞ்சில் யாரோ கேட்டார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி அவன் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை, என் கைதான் என்றான், அதனால்தான் அவனை இன்னும் மறக்க முடியவில்லை, என்றார். இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் கழித்து இதைப் பாளையங்கோட்டையில் எதற்கு சிஸ்டர் பரீட்சை வைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், சிஸ்டரும் சிரித்தார். வீட்டுக்கு வீடு பிள்ளை பிறந்துகொண்டே இருக்கிறதே, என்றார். விதி பாதி மனிதன் பாதி என்று ஆறு பக்கம் எழுதினேன். இருபதுக்குப் பதினேழு. கீழே சிவப்பு மையில், இரண்டு பக்கமும் அழகாகச் சொல்லியிருக்கிறாய், நீ எந்தப் பக்கம் நிற்கிறாய், என்று எழுதியிருந்தார். குறைந்த மூன்று மார்க்குக்காக ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. எங்களில் ஒருத்திகூட அந்தப் பிள்ளையைப் பெற்ற ராணியைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மூன்று நாள் பிள்ளையை இடையன் கையில் கொடுத்த அன்றைக்கு ராத்திரி அவளுக்குப் பால் கட்டியிருக்கும். கல் மாதிரி ஆகியிருக்கும், அக்குள் வரைக்கும் வலித்திருக்கும், தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் ஜாக்கெட் நனைந்திருக்கும், ஜாக்கெட் இல்லை, அவர்கள் என்ன போட்டார்களோ அது. அந்த ராத்திரியை ஏன் யாரும் மேடையில் காட்டவில்லை? வேண்டாம் என்று அவள் கொல்லைக் கதவைத் திறந்து ஓடியிருந்தால் கதை நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்பார்கள். அவள் ஓடின வழியிலும் நடந்திருக்கும் என்பார்கள். எனக்குக் கால் வலிக்கிறது. தூக்கம் கண்ணுக்குள் மணல் மாதிரி இருக்கிறது.

ஆனால் அம்மாவையும் என்னால் வெறுக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் எனக்குப் பிரசவ மருந்துக் காயம் உருண்டை கொடுத்துவிட்டு, கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நீயும் மால போட்டுத்தாம்ட்டி பொறந்த. எந்தம்பி அதெல்லாம் மூடத்தனம்னு எண்ணெயத் தள்ளிவிட்டுட்டு, ஒன்னியத் தூக்கித் தலைக்கு மேல போட்டுப் புடிச்சான். ஏழு மாசம். ஆத்துல வெள்ளம். நீச்சல் தெரிஞ்சவன். அவ்வளவுதான் சொன்னாள். ஹாலில் மாலை போட்டுத் தொங்குகிற சிதம்பரம் மாமா படத்துக்கு நான் எத்தனை வருஷம் விளக்கு வைத்திருக்கிறேன். ஐப்பசியில் அவர் இறந்த நாள் வரும்போது அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டாள். மூன்றாம் வகுப்பில் முதல் பரிசு வாங்கி ஓடி வந்தேன், அன்றைக்கு அந்த நாள், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், சர்டிபிகேட் என் கையிலேயே வியர்த்தது. வெறும் அழுகை என்று நினைத்திருந்தேன். பழைய ராஜாவைக் கொன்றவன் யார் என்று ஊரெல்லாம் தேடி, கடைசியில் தன்னிடமே வந்து நிற்கிற அந்த மகனின் முகம் எனக்கு அந்த ஐந்தாம் நாள் வந்தது. ஏழு மாசப் பிள்ளை. உட்காரக்கூடத் தெரியாது. என் கைதான் என்று சொல்ல வேண்டுமா நான்? வெள்ளம் என்று சொல்ல வேண்டுமா? அம்மா ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, இருபத்தாறு வருஷம் சோறு போட்டாள், படிக்க வைத்தாள், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் திரும்பிக்கொண்டாள். நாளைக்கு இவனைக் கொண்டுபோய்விட்டால், என்றைக்காவது ஒரு நாள், எங்கேயாவது ஒரு வண்டியில் குத்தாலம் விழுந்தால், நான் இவன் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்புவேன். அதுதான். அசரீரி என்று தனியாக ஒன்றும் வேண்டியதில்லை, நான் திரும்புவதே போதும்.

சொத், சர்ர். கதவுக்கு நேரே. பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டேன். கட்டில் கிரீச்சிட்டது, இவன் விழிக்கவில்லை. பாக்குவெட்டி வளையலில் பட்டு டிக் டிக் என்கிறது. ஒரு கால் ஊன்றுகிறது, ஒரு கால் இழுபடுகிறது. ஊன்றுகிறது, இழுபடுகிறது. ஒரு கால். கடவுளே. பூசணிக்காய். கதவிடுக்கில் வாயை வைத்து, யாருல, என்றேன். நாந்தாங்க்கா. கத்தாத. உள்ள வரல. என்னல செய்யுத இங்கன, நான் பயந்துட்டேன், எதுலல வந்த? வண்டி ஒர்க்‌ஷாப்ல கெடக்கு, நடந்துதான். பைபாஸ்லயா? வேற எந்த வழி? நேத்தும் வந்தேன், முந்தா நாளும் வந்தேன், இந்தக் கல்லுமேல உக்காந்து அவன் அழுகுற சத்தத்தக் கேட்டுட்டுப் போயிருவேன். இன்னைக்குன்னு பாத்து அழவே மாட்டேங்கான், கோவக்காரன். நாளைக்குப் போறாம்லா, அதான். ஒரு கிள்ளு கிள்ளேன், கேட்டுட்டுப் போயிருதேன். மூன்று ராத்திரி. அந்தக் காலோடு. லாரி போகிற ரோட்டில். நாங்கள் எல்லாரும் சேர்ந்து, அவன் சாகக் கூடாது என்பதற்காக, அவனை மூன்று ராத்திரி அந்த ரோட்டில் நடக்க விட்டிருக்கிறோம். அம்மா விரட்டினாள், ஜோசியர் நாள் குறித்தார், நான் படம் அனுப்பவில்லை. பாக்குவெட்டியைக் கீழே வைத்தேன். கொக்கி நான் நினைத்ததைவிட லேசாகக் கழன்றது.

உள்ளே வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், கண்ணையும் மூடிக்கொண்டான். காட்டாதக்கா, அம்மாட்ட சத்தியம் பண்ணிருக்கேன். தாடி வளர்ந்திருக்கிறது, பெட்ரோல் வாசம், தைல வாசம். உட்காருல முதல்ல, என்றேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினான். கண்ணைத் திறக்காமலே கேட்டான், எண்ணெ இருக்காக்கா? அம்மா திருப்திக்கு, ஒரு வாட்டி அதுல பாத்துருதேன், பெறவு நேரா. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருந்த தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் கட்டிலடியில் இருந்தது. எடுத்து அவன் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். இவனை மெதுவாகச் சாய்த்துக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தேன், இப்படி, அப்படி, விளக்குக்கு நேராக, விளக்குக்குப் பின்னால். குத்தாலம் குனிந்து, பிள்ளையை ஓரக்கண்ணாலும் பார்க்காமல், எண்ணெயையே பார்த்தான். என்னல தெரியுது? எம் மூஞ்சிதாங்க்கா தெரியுது, என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, சிரிப்பை அடக்க அவன் தோளில் முகத்தைப் புதைத்தேன். அவனும் குலுங்கினான். எண்ணெய் அசைந்தது, அதில் அவன் தாடி அசைந்தது, குண்டு பல்பு அசைந்தது, இவன் மட்டும் எங்கேயும் இல்லை. இவன் என் கையில் இருந்தான், முழித்துக்கொண்டு, மாமன் காதையே பார்த்துக்கொண்டு.

ஹாலில் பாய் சரசரத்தது. ஏட்டி பிரமு, யாருட்டி உள்ள? குத்தாலம் எழுந்திருக்கப் பார்த்தான், கால் மடங்கியது. யாருமில்லம்மா. வாய்க்குள் அந்தச் சொல் தயாராக இருக்கிறது, இருபது நாளைக்கு முன்னால் வராத சொல், இப்போது இனிப்பு மாதிரிக் கரைந்துகொண்டு இருக்கிறது. இவனைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். கண்ணத் தெறல, என்றேன். திறந்தான். அவன் மூஞ்சி போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. குத்தாலம் வந்திருக்காம்மா, என்றேன் கதவைப் பார்த்து, சத்தமாக. எண்ணெயில ஒண்ணும் விழல. பிள்ளைய அவன் கையில குடுத்துட்டேன். நாந்தான் குடுத்தேன். வெளியே முழங்கால் எலும்பு சொடுக்குகிற சத்தம், வளையல், ஐயோ என்ற ஒரு மூச்சு. அவள் தம்பி என்னைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்ததைப் பார்த்த கண். பயமாக இருக்கிறது. அம்மா சொன்னது நடக்காது என்று என்னிடம் எந்த அத்தாட்சியும் கிடையாது, நடந்தால் காற்று என்று சொல்ல மாட்டேன். இவனை யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான், வருவது எதுவானாலும் முதலில் என்னைத் தாண்டி வரட்டும். காலடி கதவை நோக்கி வருகிறது. நானும் போகிறேன், ஏழெட்டு அடிதான், தரை குளிர்கிறது. இந்தப் பக்கம், சிஸ்டர். கதவில் அம்மாவின் கை படுவது பலகை வழியாக என் உள்ளங்கைக்குத் தெரிகிறது. தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறது, எட்டினால் தையல் பிடிக்கிறது, பல வருஷத் துரு, பாதியில் சிக்குகிறது. இன்னொரு கையையும் கொடுத்து அழுத்தினேன். தாழ்ப்பாள் குழிக்குள் போய் விழுந்தது.